ஆறுக்குப் பிறகு ஒரே எட்டு

பாலர் பள்ளியின் கூரை ஒழுகுகிறதாம்.
இரண்டு நாள் விடுமுறை என்று
கதவில் ஒட்டிய தாளும் நனைந்திருந்தது.
பார்த்துக்கொள்ள ஆளில்லை.
என் ஆரஞ்சு மேற்சட்டையை ரயேனுக்கு மாட்டி
படகுத்துறைக்கே கூட்டிப்போனேன்.
சட்டை அவள் கணுக்காலைத் தொட்டது.

டால்காவேயிலிருந்து எதிர்த்தீவுக்கு
ஐந்தாறு நிமிடக் கடல்.
லாரி, வேன், மாடு ஏற்றிய இழுவை வண்டி,
மட்டி மூட்டைகள் சொட்டும் பழைய டிரக்,
எல்லாவற்றையும் சுமக்கும் இந்த மிதவைப்படகில்
நான் சீட்டுக் கிழிப்பவள்.
"எத்தனை வண்டி? எண்ணிச் சொல்லு."
அவளை ஓரிடத்தில் நிறுத்திவைக்க
வேறு வழி தெரியவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.
ஈரமான பம்பர்களை விரலால் தொட்டுத் தொட்டு.
நான்கு. ஐந்து. ஆறு.
எட்டு.

"ஏழு எங்கே?"
நான்தான் எதையோ தொலைத்துவிட்டேன் என்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
திரும்பவும் முதலிலிருந்து.
ஆறு. எட்டு.
எட்டில் மட்டும் சின்னதாய் ஒரு குதி.

நிபால்தோ கயிறு சுருட்டிக்கொண்டே சிரித்தான்:
"பன்னிரண்டு வண்டியைப் பதின்மூன்று ஆக்குகிறாள்,
முதலாளி இவளைத்தான் வேலைக்கு வைக்கணும்."
எனக்குச் சுருக்கென்றது.
நான்கு வயதுக்கு இது போதும் என்று நினைத்தேன்.
பக்கத்து வீட்டுப் பையன் நூறுவரை ஒப்பிப்பதையும் நினைத்தேன்.

அடுத்த நடையில் கணக்கை விட்டுவிட்டேன்.
"என்னென்ன தெரியுது, அதைச் சொல்லு."

மாடு ஒரு பக்கத்துப் பல்லால்தான் மெல்லுகிறது.
ரொட்டிக்காரரின் இரண்டு ஷூவுக்கும்
கயிறு வேற வேற நிறம்.
தண்ணீரில் மிதக்கும் கடற்சிங்கம்
முதலில் பார்த்த அதே ஆள் இல்லை,
இதுக்கு மூக்கில் கீறல்.
அப்புறம், நீல லாரிக்குத் தூக்கம் வருது.

"லாரி தூங்குமா?"
தலையைத் தோளில் சாய்த்துக் காட்டினாள்.
"ஏறும்போது நேரா நின்னுச்சு."

எவரிஸ்தோவைத் தட்டி எழுப்பினேன்.
இறங்கிவந்து பின்சக்கரத்தருகே குந்தி
காதைக் கொடுத்துக் கேட்டான்.
உஸ்.
ஆணி. மேலே நாற்பது மூட்டைக் கிழங்கு.
"இந்தச் சாய்வோட இறங்குபலகையில போயிருந்தா..."
மீதியை அவன் சொல்லவில்லை.
ஊதாநிற உருளைக்கிழங்கு ஒன்றைத் தன் சட்டையில் துடைத்து
அவள் கையில் வைத்தான்.
வழிநெடுக அதன் முளைக்கண்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.
ஆறு. எட்டு.

காஸ்த்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது கடல் வற்றியிருந்தது.
எங்கள் வீட்டின் மரக்கால்கள்
முட்டிவரை சேற்றில் நின்றன.
ஒரு கையில் விறகுக் கட்டு, மறு கையில் அவள்.
தினமும் எண்ணிக்கொண்டேதான் படியேறுவோம்,
அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு, ஐந்து, ஆறு.
என் வாய் தானாக மூடிக்கொண்டது.
கை அவளைத் தூக்கியது.
ஒரே எட்டு.
"எட்டு!" என்றாள், மேலே கால் ஊன்றி.

நின்று கீழே பார்த்தேன்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன் உளுத்து விழுந்த படி.
அந்த இடைவெளியில் சேறு மினுங்கியது.
ஒரு நண்டு பக்கவாட்டில் கடந்தது.
விழுந்துவிடுவாளோ என்ற பதற்றத்தில்
அந்த இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை.
அவள் தப்பாக ஒன்றும் எண்ணவில்லை.

சனிக்கிழமை ஒரு பலகை வாங்கி
வளைந்த நான்கு ஆணியும் நேரான இரண்டும் அடித்தேன்.
வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.
"இது மட்டும் வெள்ளையா இருக்கு."
"இதுதான் ஏழு."
ஷூ நுனியால் தட்டிப் பார்த்தாள்.
தூங்குகிறவரைக் கூப்பிடுவதுபோல்
மெதுவாக,
"ஏழு" என்றாள்.

பிறகு அதைத் தாண்டிக் குதித்தாள்.